முப்பத்தொரு கத்தரி நாற்று

ஜனவரி 12, ஞாயிறு

பார்வையாளர் அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் வீட்டுக்காரர், அவருடைய தங்கை புளோரா, என் மகள் டெல்பின், ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து பீடத்துணியில் பூ தைத்துக்கொண்டிருந்த சிஸ்டர் எவுப்ராசியா. வேறு யாரும் இல்லை.

திண்டுக்கல் தாண்டி இருக்கிறது மடம். டெல்பினுக்கு இது நவதுறவு ஆண்டு, கன்னியாஸ்திரீ ஆவதற்கு முந்தைய பயிற்சிக் காலம் என்பதால் வருஷத்தில் இரண்டு தடவைதான் பார்க்கலாம், அதுவும் ஒரு மணி நேரம். போன் கிடையாது, மாதம் ஒரு கடிதம். வெள்ளை முக்காட்டில் அவள் முகம் சிறுத்துத் தெரிந்தது. கையைப் பிடித்தேன், உள்ளங்கை காய்த்திருந்தது. தோட்ட வேலை அவள் பொறுப்பாம்.

புளோரா சும்மா இருக்கவில்லை. சிஸ்டரிடம் பழைய கதையை எடுத்து விரித்தாள். "எட்டு மாசத்துல பெறந்த பிள்ள சிஸ்டர். பஞ்சுல சுத்தி வச்சிருந்தோம். எங்க மைனி இவள மாதாவுக்கே குடுத்துட்டேன்னு நேந்த பொறவுதான் பாலே குடிச்சா" என்றாள். சிஸ்டர் ஊசியை நிறுத்தி டெல்பினைப் பார்த்தார். டெல்பின் தரையைப் பார்த்தாள். நான் கொண்டுபோன முறுக்கைத் தட்டில் அடுக்கினேன்.

கிளம்பும்போது காலண்டர் தாளில் மடித்த பொட்டலம் ஒன்றைக் கொடுத்தாள். நாற்பது கத்தரி விதை. அவளே பழுக்க விட்டு எடுத்ததாம். எனக்குச் செடி வளர்க்கத் தெரியாது என்று அவளுக்குத் தெரியும். எங்கள் தெருவில் உப்புத் தண்ணீருக்கு முருங்கையைத் தவிர ஒன்றும் நிற்காது. மாடியில் வைத்துக் குடிதண்ணீர் ஊற்றச் சொன்னாள். நாலு இலை விடும்வரை எதுவும் ஊட்ட வேண்டாம், மண்ணில் இருப்பதே போதும் என்றாள்.

வாசலில் சிஸ்டர் முன்னால் போனதும் என் மணிக்கட்டைப் பிடித்தாள். மே முப்பத்தொன்றாம் தேதி முதல் வார்த்தைப்பாடு, துறவியாக வாக்குக் கொடுக்கும் நாள். அதற்கு ஈஸ்டர் அன்று அவள் கைப்பட விண்ணப்பம் எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

"அதுக்கு முன்ன உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்மா."

பஸ் போய்விடும் என்று சொன்னேன். பஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல் லீவு என்பதால் இரண்டு பேருமாக உரம் வாங்கப் போனோம். பாளையங்கோட்டை ரோட்டு நர்சரியில் நாலு வகை வைத்திருந்தார்கள். உரம் என்றால் உரம், ஒன்றுதான் என்று நினைத்துப் போன எனக்குத் திகைப்பாகிவிட்டது. கடைக்காரரிடம் கேட்டால் எல்லாமே நல்லது என்கிறார். ஆகவே மீன் வாங்குகிற மாதிரி நானே பார்த்து வாங்குவது என்று முடிவு செய்தேன். ஒவ்வொரு சாக்கிலும் முழங்கை வரை கையை விட்டேன். ஆட்டு எரு புழுக்கை புழுக்கையாக அப்படியே இருந்தது. சாண எரு மேலே குளிர்ந்து, நடுவில் இட்லிச் சட்டி மாதிரி சுட்டது. இன்னும் மக்கவில்லை, வேரைச் சுட்டுவிடும். இன்னொன்றில் பாதிக்கு மேல் மணல். மண்புழு உரம் மட்டும் டீத்தூள் போல உதிர்ந்தது, நாற்றமே இல்லை. நாற்றம் இல்லாததுதான் வாங்க வேண்டியது என்று பின்னால் நின்ற ஓர் அம்மா சொன்னார்கள். அது ஐந்து கிலோ, தேங்காய் நார்த்தூள் கட்டி ஒன்று, ஐம்பது குழி உள்ள நாற்றுத்தட்டு ஒன்று வாங்கினோம்.

நார்த்தூளில் உப்பு இருக்கும், அலசாமல் போடக்கூடாது என்றார் கடைக்காரர். மூன்று தண்ணீரில் அலசினேன். வீட்டுக்காரர் சாக்கை மாடிக்குத் தூக்கிக்கொண்டே, துறைமுகத்தில் தான் எண்ணிக் கணக்கெழுதும் மூட்டைகள்கூட இப்படிக் கனக்காது என்றார். அஞ்சு கிலோதான்.

ஜனவரி 15, புதன்

உரம் பாதி, நார்த்தூள் பாதி. குழிக்கு ஒரு விதை, விதைக்கு ஓர் அருள் நிறைந்த மரியே ஜெபம். நாற்பது. பத்துக் குழி காலி.

ஜனவரி 18

ஒன்றும் இல்லை.

ஜனவரி 21

ஒன்றும் இல்லை. ஒரு குழியைக் குச்சியால் கிளறிப் பார்த்தேன். விதை வாய் திறந்து வெள்ளையாக ஒரு நூல் விட்டிருந்தது. அவசரமாக மூடினேன். அந்த ஒன்றை நானே கெடுத்திருப்பேன்.

ஜனவரி 24, வெள்ளி

பதினான்கு முளைத்திருக்கின்றன. முதுகை வளைத்துக்கொண்டு, தலை இன்னும் மண்ணுக்குள். அவரை எழுப்பி மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். கண்ணாடி இல்லாமல் வந்துவிட்டார். இருந்தாலும் குனிந்து ஒவ்வொன்றாக எண்ணினார். பதின்மூன்று என்றார். நான் பதினான்கு என்றேன். டெல்பின் இருந்தால் யார் கணக்கு சரி என்று சொல்லுவாள் என்றார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் எண்ணவில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

முப்பத்தொன்று. இனி வராது என்று நினைக்கிறேன். கிளறிப் பார்த்த குழி காலி.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஆண்டவரைக் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த திருநாள். மெழுகுதிரி மந்திரித்து வாங்கினோம். மாதாவும் சூசையப்பரும் பிள்ளையைக் கோயிலில் ஒப்புக்கொடுத்ததையும், இரண்டு புறாக்களைக் காணிக்கையாக வைத்துவிட்டுப் பிள்ளையைத் திரும்ப வீட்டுக்குத் தூக்கிப் போனதையும் சாமியார் பிரசங்கத்தில் சொன்னார். எனக்குத் தலைவலி. பாதியில் எழுந்து வெளியே குழாயடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். புளோரா வந்து என்ன மைனி என்று கேட்டாள். வெயில் என்றேன்.

பிப்ரவரி 5, புதன்

முதல் ஜோடி இலைக்கு மேல் இன்னொரு ஜோடி வந்திருக்கிறது. ஆனால் நோஞ்சானாக, வெளிறிப்போய் நிற்கின்றன. விதையோடு வந்த முதல் ஜோடி கணக்கில் சேராது, டெல்பின் சொன்ன நாலு இலைக்கு இன்னும் இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். பத்தாம் தேதி வாக்கில் அவள் கடிதம் வரும், பதில் எழுத வேண்டும். வெளிறி நிற்கிறது என்று எழுத எனக்கு மனம் இல்லை. நன்றாக வளர்கிறது என்று எழுத வேண்டும்.

புளோராவின் கருவாட்டுக் கடையில் சாக்கின் அடியில் தங்குகிற தூளைக் கேட்டு வாங்கினேன். எங்கள் முருங்கை மீன் கழுவிய தண்ணீரில்தான் இப்படிக் காய்க்கிறது. மீன் செடிக்கு நல்லது என்று நர்சரிக்காரரும் சொன்னார். அவர் சொன்னது வெல்லம் போட்டு ஊறவைத்த பச்சை மீன், ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சில சொட்டு. அதற்கு இருபது நாள் ஆகும். கருவாடும் மீன்தானே. குழிக்கு இரண்டு விரல் கொள்ளும் தூள். மேலே தண்ணீர் தெளித்தேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

கரும்பச்சையாகிவிட்டன. எனக்கு ஒரே சந்தோஷம். மீதித் தூளையும் போட்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

இலை ஓரமெல்லாம் பழுப்பு. அடுப்பில் வாட்டியது போலச் சுருண்டிருக்கிறது. மண்ணின் மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. பூசணம் என்று நினைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

நார்த்தூளை மூன்று தண்ணீரில் அலசிய அதே கை கருவாட்டுத் தூளை அள்ளிப் போட்டிருக்கிறது. கருவாட்டில் உப்பு உண்டு என்பதை யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பிறந்ததிலிருந்து அந்த வாடையிலேயே இருந்துவிட்டதால் அது உப்பாகவே எனக்குத் தோன்றவில்லை.

புளோரா மாடிக்கு வந்து பார்த்தாள். "மைனி, செடிக்கு ஒறைப்பு மட்டும் போட்டா கொழம்பே வச்சிரலாம்" என்றாள். சிரிப்பு வரவில்லை. இருபத்திரண்டு நிற்கின்றன.

பிப்ரவரி 10, திங்கள்

கடிதம் வந்தது. நடுவில் உள்ளதை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன்.

"சிஸ்டர் என்னிடம், உன்னை இங்கே கூப்பிட்டது யார் என்று கேட்டார்கள். ஆண்டவர் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அத்தை சொல்லும் அந்தக் கதைதான் வாயில் வந்தது. சிஸ்டர் கோபப்படவில்லை, அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள் என்றார்கள். அம்மா, எனக்கு இங்கே இருக்கப் பிடிக்கிறது. ஆனால் பிடித்து இருக்கிறேனா, பயந்து இருக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. நான் திரும்பி வந்தால் உங்களுக்கோ அப்பாவுக்கோ ஏதாவது ஆகிவிடும் என்று சின்ன வயதிலிருந்தே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேர்ச்சை இன்னும் என் மேல் இருக்கிறதா? இருக்கிறது என்றால் அப்படியே சொல்லுங்கள், நான் வருத்தப்பட மாட்டேன். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை எங்களுக்குக் கடிதம் வாங்கவோ போடவோ அனுமதி இல்லை. ஆகவே மார்ச் ஐந்தாம் தேதிக்கு முன் எழுதுங்கள்."

பிப்ரவரி 11, செவ்வாய்

லூர்து மாதா திருநாள். பூசை கண்டேன். பதில் எழுதித் தபாலில் சேர்த்தேன், இரண்டு பக்கம். உரம் தேர்ந்தெடுத்தது, நார்த்தூள் அலசியது, முளை வந்தது எல்லாம் விவரமாக எழுதினேன். கருவாட்டுத் தூளையும் மறைக்கவில்லை. இடம் அவ்வளவுதான் இருந்தது.

பிப்ரவரி 13, வியாழன்

நர்சரிக்காரர் சொன்னபடி தட்டைச் சரித்து வைத்து, குடிதண்ணீரை மெதுவாக ஊற்றி உப்பைக் கீழே வடியவிட்டேன். காலையில் இரண்டு குடம், மாலையில் இரண்டு குடம். பதினைந்து நிற்கின்றன.

ஜெபக் கணக்கு நோட்டைச் சரிபார்த்தேன். டெல்பின் மடத்துக்குப் போன நாளிலிருந்து சொன்ன ஜெபமாலை எல்லாம் அதில் இருக்கிறது. தேதி, எண்ணிக்கை, என்ன கருத்துக்காக என்று மூன்று கட்டம். கருத்து என்ற கட்டத்தில் 'அவள் நிலைத்து நிற்க' என்று எழுதுவது வழக்கம். போன செப்டம்பரிலிருந்து அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கிறது. மையில் கோளாறு இல்லை, மற்ற கட்டங்கள் நிரம்பித்தான் இருக்கின்றன.

பிப்ரவரி 16, ஞாயிறு

புளோரா மத்தியானம் வந்தாள். டெல்பின் கடிதத்தைப் பற்றி அவர்தான் அவளிடம் சொல்லியிருக்கிறார். பிள்ளை தயங்குகிறாளாமே என்று ஆரம்பித்தாள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவள் கடையைப் பற்றி, மழையில் நனைந்த நெத்திலியைப் பற்றி எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் சொன்னாள்.

"நேந்த பிள்ளையத் திருப்பிக் கூப்பிட்டா குடும்பத்துக்கு ஆவாது மைனி. எம் பிள்ளைகளையும் சேத்துத்தான் சொல்லுதேன். நீங்க பாட்டுக்கு மனசு எளகிராதீங்க."

அவள் கெட்டவள் இல்லை. அந்த ராத்திரிகளில் பஞ்சு மாற்றியவள் அவள்தான். உண்மையிலேயே பயப்படுகிறாள். நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அவள் பயம் போயிருக்கும். கீரையில் பழுத்த இலை நிறைய இருந்தது. ஆய்ந்து முடிக்க நேரமாகிவிட்டது.

பிப்ரவரி 17

ஒன்பது.

பிப்ரவரி 19, புதன்

இன்று எழுதிவிடுகிறேன். வேறு எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

டெல்பினுக்கு மூன்று வயது நடக்கும்போது நான் பங்குச்சாமியிடம் போனேன். மாதாவுக்குக் கொடுத்த பிள்ளையை எந்த வயதில் மடத்தில் விட வேண்டும் என்று கேட்கத்தான் போனேன். அவர் என்னை உட்காரச் சொன்னார். "ஒன்ன நீ நேந்துக்கலாம்மா. இன்னோராள நேர முடியாது, அது நீ பெத்த பிள்ளையா இருந்தாலும்" என்றார். அந்த நேர்ச்சையை அவரே மாற்றிக் கொடுத்தார். பன்னிரண்டு ஏழைகளுக்கு அசனம் போட வேண்டும். பிள்ளைக்கு விவரம் தெரிந்ததும், அவள் யாருக்கும் கடமைப்பட்டவள் இல்லை என்று சொல்லிவிட வேண்டும். இரண்டு காரியம்.

ஒன்றைச் செய்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை சோறும் சாளைக் குழம்பும் ஆக்கி, கோயில் வாசலில் பன்னிரண்டு பேருக்கு என் கையால் பரிமாறினேன். அப்போது டெல்பின் அப்பா சரக்குத் தோணியில் மாலத்தீவுக்குப் போயிருந்தார். புளோரா கணவன் வீட்டில் பேறுகாலத்தில் இருந்தாள். யாருக்கும் தெரியாது. சாமியாரும் அடுத்த வருஷம் மாற்றலாகிப் போய், இறந்தும் போனார்.

இரண்டாவதைச் செய்யவில்லை. செய்யலாம் என்றுதான் இருந்தேன். ஆறு வயதில் அவள் நீலக் கவுன் போட்டுக்கொண்டு மாதா சப்பரத்துக்கு முன்னால் பூத் தூவிப் போனாள். தெருவில் எல்லோரும் மாதா பிள்ளை, மாதா பிள்ளை என்றார்கள். அதிகம் படிக்காத என்னைப் பார்த்து, நீ பாக்கியவதி என்றார்கள். நான் தலையாட்டினேன். அடுத்த வருஷமும் தலையாட்டினேன். பதினெட்டு வயதில் மடத்துக்குப் போகிறேன் என்று அவளாக வந்து சொன்னபோது, சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் ஆண்டவர் பார்த்துக்கொண்டார் என்று நினைத்தேன்.

பிப்ரவரி 22, சனி

பாவசங்கீர்த்தனம் செய்தேன். புளோரா மேல் எரிச்சல், ஞாயிறு பூசைக்குப் பிந்திப் போனது, இரண்டு நாள் காலை ஜெபம் விட்டது. வேறு ஏதாவது உண்டா என்று சாமியார் கேட்டார். இல்லை என்றேன். அபராதமாக மூன்று பரலோக மந்திரம். வீட்டுக்கு வரும் வழியில் அதைச் சொல்லி முடித்தேன்.

ஏழு செடி நிற்கிறது. புதிய இலை பச்சையாக வருகிறது. எதுவும் ஊட்டவில்லை, தண்ணீர் மட்டும்.

பிப்ரவரி 24, திங்கள்

இன்றைக்குச் சொல்லிவிட்டேன், அவரிடம்.

மத்தியானம் சாப்பிட வந்திருந்தார். பிள்ளைக்கு என்ன பதில் எழுதினாய் என்று கேட்டார். செடியைப் பற்றி என்றேன். "அவ கேட்டதுக்கு?" என்றார். அதற்கு எழுதவில்லை என்றேன். சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். அப்போதுதான் ஆரம்பித்தேன். சாமியார் சொன்னது, அசனம் போட்டது, சப்பரம், எல்லாம். பயந்துகொண்டே சொன்னேன். திட்டுவார் என்றுகூட இல்லை, என்னை யாரோ மாதிரிப் பார்ப்பார் என்று பயந்தேன்.

கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். ஒன்று கேட்டார்.

"தெரிஞ்சா வந்துருவாளோ?"

அவர் குரலை இருபத்து நாலு வருஷமாகக் கேட்கிறேன். அதில் இருந்தது கோபம் இல்லை, ஆசை. இரண்டு வருஷமாக என் வயிற்றுக்குள் கிடப்பதும் அதேதான் என்று அப்போது எனக்குத் தெரிந்தது. சாயங்காலம் வாசல் கேட் சத்தம் கேட்டால் நான் இன்னும் அடுப்பைத் தணித்துவிட்டு எட்டிப் பார்க்கிறேன். அவள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம் அது. இதை இந்த டைரியில்கூட இதுவரை எழுதவில்லை.

அதனால்தான் எழுத முடியவில்லை என்று அவரிடம் சொன்னேன். இத்தனை வருஷம் சொல்லாமல் இருந்துவிட்டு இப்போது சொன்னால், உண்மைக்காகச் சொன்னதாக இருக்காது, அவளை வீட்டுக்கு இழுக்கச் சொன்னதாக இருக்கும். மாதாவிடம் கொடுப்பதும் நான், பிடுங்குவதும் நான் என்று ஆகிவிடும். சொல்லாமல் விட்டால் அவள் இல்லாத கடனுக்குத் தலையைக் கொடுப்பாள்.

"உனக்கு ஆசை இருக்குன்னு உண்மைய மாத்திர முடியுமா பிரகாசி? ரெண்டையும் எழுது. தனித்தனியா எழுது. பிரிச்சுப் பாக்க அவளுக்குத் தெரியும், ஒன்ன மாதிரி இல்ல" என்றார்.

கடைசி வார்த்தையைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். அரை மணி நேரம் கழித்து, மறந்து வைத்துவிட்டுப் போன கண்ணாடியை எடுக்க வந்தார். கண் சிவந்திருந்தது.

பிப்ரவரி 25, செவ்வாய்

நாலு தாள் எழுதி நாலையும் கிழித்தேன். ஒன்றில் அழுகை அதிகம். ஒன்றில் வேத வசனம் அதிகம். ஒன்றில் புளோராவைக் குறை சொல்லியிருந்தேன். ஒன்று நன்றாகவே இருந்தது, அதில் என் மேல் இரக்கம் வரும்படி எழுதியிருந்தேன்.

ஏழு செடியையும் தனித்தனிப் பைக்கு மாற்றினேன். ஒன்று தண்டு ஒடிந்தது. ஆறு.

பிப்ரவரி 26, புதன்

பூசை முடிந்து வந்து உட்கார்ந்து எழுதினேன். அவர் வாசித்துவிட்டு ஒன்றும் திருத்தவில்லை. துறைமுகத்தில் லீவு சொல்லிவிட்டு, நாளைக் காலை முதல் பஸ்ஸில் அவரே கொண்டுபோய்ச் சிஸ்டர் கையில் கொடுப்பார். பிள்ளையைப் பார்க்கக் கேட்க மாட்டேன், கொடுத்துவிட்டு வந்துவிடுவேன் என்கிறார். பிரதி கீழே.

அன்புள்ள டெல்பினுக்கு, அம்மா எழுதுவது.

நீ கேட்டதற்குப் போன கடிதத்தில் நான் பதில் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

உன் மேல் நேர்ச்சை இல்லை. உனக்கு மூன்று வயது இருக்கும்போதே அது தீர்ந்துவிட்டது. பிள்ளையை நேர முடியாது என்று பங்குச்சாமி சொல்லி, அதை அசனமாக மாற்றினார். பன்னிரண்டு பேருக்கு நான் சாப்பாடு போட்டேன். நீ விடுதலையானவள் என்று உன்னிடம் சொல்லச் சொன்னார். நான் சொல்லவில்லை. மறந்துபோகவில்லை. ஊர் என்னைப் பெரிதாக நினைத்தது எனக்குப் பிடித்திருந்தது, அதனால் சொல்லவில்லை. நீ பயந்துகொண்டு வளர்ந்தாய் என்பது உன் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரியும். முன்பே தெரிந்திருக்க வேண்டும். என்னை மன்னித்துக்கொள்.

நீ அங்கே இருந்தாலும் வந்தாலும் எனக்கும் அப்பாவுக்கும் அத்தை வீட்டுக்கும் ஒன்றும் ஆகாது. இதை அத்தையிடமும் இன்று சாயங்காலம் நேரில் போய்ச் சொல்லப்போகிறேன். அவள் என்னோடு கொஞ்ச நாள் பேச மாட்டாள். பரவாயில்லை.

இனி எழுதுவது வேறு. மேலே எழுதியதோடு இதைச் சேர்க்காதே. நீ வீட்டில் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அப்பாவுக்கும் ஆசை. இது வெறும் ஆசை, கட்டளை இல்லை. உண்மையைச் சொல்லிவிட்டு இதை மட்டும் மறைத்தால் மறுபடியும் உன்னை ஏமாற்றியதாகும் என்றுதான் எழுதினேன். உன்னைக் கூப்பிட்டது ஆண்டவர் என்று உனக்கே தெரிந்தால் நீ அங்கேயே இரு. மே மாதம் நாங்கள் மூன்று பேரும் வந்து முன் வரிசையில் உட்காருவோம். நான் அழுவேன், அதைக் கண்டுகொள்ளாதே.

சிஸ்டருக்கு எங்கள் ஸ்தோத்திரம் சொல்லு. இதை அவர்களிடமும் காட்டலாம்.

அடுத்த புதனிலிருந்து உனக்குக் கடிதம் கிடையாது. செவ்வாய்க்கிழமைக்குள் இரண்டு வரியாவது எழுதிப் போடு. என்ன முடிவு என்று எழுத வேண்டாம், இதைப் படித்துவிட்டாய் என்று எழுதினால் போதும். சீக்கிரம் பதில் போடு.